கதை துறந்த ஆடல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ ஒரு மண்டபத்தில் நடைபெறும் பரதநாட்டிய அரங்கேற்றத்தை நினைவிற் கொள்வோம். ஆடும் சிறுமி முதலில் அலாரிப்பு ஆடுகிறாள், அடுத்து ஜதிஸ்வரம். முன்வரிசையில் அமர்ந்த முதியவர் ஒருவர் அருகிலிருப்பவரை நோக்கி, "இது என்ன கதைங்க?" என்று மெல்லக் கேட்கிறார். விடை கிடைப்பதில்லை. சற்று நேரங்கழித்துக் கண்ணன் வெண்ணெய் திருடும் பதம் வருகிறது. முதியவரின் முகம் மலர்கிறது. அதுவரை நிகழ்ந்தது ஏதோ முன்னேற்பாடு என்றும், இப்போதுதான் ஆடல் தொடங்கிற்று என்றும் அவர் எண்ணுகிறார்.

இதே கேள்வி கவிஞரிடமும் நாள்தோறும் கேட்கப்படுகிறது: "இதில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" கவிஞரும் பெரும்பாலும் அஞ்சிப் போய் ஒரு கருத்தைக் கூறி விடுகிறார். ஆடலானாலும் பாடலானாலும் கதையோ கருத்தோ இன்றேல் அது வெறும் அணி என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் தமிழ் மரபுக்கு உடன்பாடானதுதானா என்பதே இவ்வுரையின் ஆய்வு.

சொக்கம் என்னும் சொல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தமிழர் ஆடற்கலைக்கு நமக்குக் கிடைத்த முதற்பெருஞ் சான்று. அங்கே இளங்கோவடிகள் எவற்றையெல்லாம் கூறுகிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலோன், யாழாசான் ஆகியோரின் தகுதிகளைக் கூறுகிறார். அரங்கு எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது என அளவு தருகிறார். மூவகைத் திரைகளைக் கூறுகிறார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பட்டமையைக்கூட மறவாது சொல்கிறார். மாதவி ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன் பரிசு பெற்றதையும் கூறுகிறார். ஆனால் அன்று அவள் எக்கதையை ஆடினாள் என்பதை மட்டும் அவர் கூறவில்லை. பின்னர்க் கடலாடு காதையில் வரும் பதினோராடல்களுக்கு ஒவ்வொன்றாய்த் தொன்மக் கதை தருகின்ற அடிகளார், அரங்கேற்றத்தில் கதை கூறாது விடுத்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆடல் நூலின்படி ஆடினாள் என்பதே அங்கு நிறைவான செய்தியாக இருந்தது.

உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இதனை இன்னும் தெளிவுபடுத்துகிறார். சாந்திக் கூத்தினைச் சொக்கம், மெய்க்கூத்து, அவிநயக் கூத்து, நாடகம் என அவர் நான்காக வகுக்கிறார். நாடகம் கதை தழுவி வருவது. அவிநயக் கூத்து கதை தழுவாமல் பாட்டின் பொருளைக் கையாற் காட்டுவது. சொக்கமோ கதையும் பாட்டுப்பொருளும் வேண்டாத தூய ஆடல். நூற்றெட்டுக் கரணங்களை உடையது. ஆகவே, கதையற்ற ஆடலுக்குத் தமிழில் ஒரு தனிப்பெயரே உண்டு. அதுவும் பட்டியலின் முதலிடத்தில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் சிவபெருமானே ஆடிக்காட்டுவதாக எண்பத்தொரு கரணச் சிற்பங்கள் செதுக்கப் பெற்றுள்ளன. எஞ்சிய இருபத்தேழுக்குரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. அச்சிற்பங்கள் எந்தப் புராண நிகழ்ச்சியையும் உரைப்பன அல்ல. இடுப்பின் வளைவு, காலின் வீச்சு, கையின் நிலை ஆகியவையே அங்குப் பொருள்.

அடவும் ஜதியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் செப்பனிட்ட ஆடல் வரிசையே இன்றும் அரங்குகளில் நிலவுகிறது. அதன் தொடக்கமும் முடிவும் கதையற்றவை. அலாரிப்புக்கு இராகமும் இன்றியமையாததன்று. சொற்கட்டும் தாளமுமே போதும். கண், கழுத்து, தோள், கை, கால் என உடல் ஒவ்வோர் உறுப்பாக அலர்கிறது. ஜதிஸ்வரத்தில் இராகம் வந்து சேர்கிறது. ஆனால் சொல் வருவதில்லை. பாடுவோர் சுரங்களை மட்டுமே பாட, ஆடுவோர் அடவுகளைக் கோவையாகத் தொடுத்துச் செல்வர். மேலே சுரம் ஒரு கணக்கில் நடக்கக் கீழே கால் வேறொரு கணக்கில் நடந்து, தீர்மானத்தில் இரண்டும் ஒரே அடியில் வந்து கூடுவதுண்டு. அந்தக் கூடலின் இன்பத்திற்கு எக்கதை ஈடாகும்? இறுதியில் வரும் தில்லானாவிலும் ஜதிச் சொற்களே பெரும்பகுதி. முடிவை நெருங்குகையில் ஓரிரு வரி சாகித்தியம் வந்து போகும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி, எந்திரம் செவ்வனே ஓடுகிறதா இல்லையா என்பதை அதன் ஒலியைக் கொண்டே அறிந்து விடுவார். அவ்வொலிக்குக் கதை உண்டா என அவர் கேட்பதில்லை. லயம் பிறழ்ந்தால் அவர் கை தானே நிற்கிறது. தில்லானாவைத் துய்ப்பதற்கு வேண்டிய அறிவும் இத்தகையதே. அது கல்லாதார்க்கும் உண்டு.

வெண்ணிற ஆடையும் ஒரு கவிஞனும்

மேலைநாட்டுப் பாலே நடனத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. உருசிய நாட்டு ஆடலமைப்பாளர் மிகயீல் ஃபோகின் 1907இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் 'சோப்பினியானா' என்னும் ஆடலை அமைத்தார். சோப்பினின் பியானோ இசைக்கோவைகளைக் கிளாசுனோவ் பல்லியத்திற்கு ஏற்ப மாற்றித் தந்திருந்தார். அம்முதல் வடிவத்தில் சிறுசிறு கதைக் காட்சிகள் இருந்தன. நோயுற்ற சோப்பினை இறந்துபட்ட துறவியரின் உருக்கள் வந்து சூழும் காட்சி அவற்றுள் ஒன்று. அவற்றிடையே அன்னா பாவ்லோவா நீண்ட வெண்ணிற ஆடையில் ஆடிய ஒரு வால்ட்சு மட்டும் கதையின்றி இருந்தது. 1832இல் மரீ தாலியோனி அணிந்த ஆடையின் சாயலில் அமைந்தது அவ்வுடை. அடுத்த ஆண்டு ஃபோகின் ஒரு துணிவான முடிவு செய்தார். கதைக் காட்சிகள் அனைத்தையும் நீக்கினார். அந்த வெண்ணிற ஆடலை மட்டும் வித்தாகக் கொண்டு முழு ஆடலையும் புதிதாக அமைத்தார். 1909இல் பாரிசில் 'லே சில்ஃபீத்' என்ற பெயரில் அது அரங்கேறிய போது, இசையைப் பல்லியத்திற்கு மாற்றியவர்களுள் இளைஞர் ஸ்டிராவின்ஸ்கியும் ஒருவர்.

இவ்வாடலில் வெண்ணிற ஆடை அணிந்த பெண்டிர் பலர், ஆடவன் ஒருவனே. நிழின்ஸ்கி ஏற்ற அவ்வேடம் ஒரு கவிஞனின் வேடம் என்பது இவ்வவைக்கு உவப்பளிக்கும். அவன் காதலிப்பதில்லை, போரிடுவதில்லை, இறப்பதுமில்லை. நிலவொளியில் அவ்வுருக்களோடு உடனிருக்கிறான், அவ்வளவே. கதை அனைத்தும் போன பின்னும் எஞ்சி நிற்கத் தகுந்தவன் கவிஞன் என ஃபோகின் கருதினார் போலும்.

1934இல் பாலஞ்சின் அமெரிக்காவில் தம் மாணவியரைக் கொண்டு அமைத்த 'செரினேட்' இவ்வழியில் மேலும் ஒரு படி. சைக்கோவ்ஸ்கியின் இசைக்கு அமைந்த அவ்வாடலை உருவாக்கும் போது ஒரு மாணவி காலந்தாழ்ந்து வந்தாள். ஒருத்தி தவறி விழுந்தாள். இரண்டையும் அவர் ஆடலிலேயே சேர்த்துக் கொண்டார். இன்று அதனைக் காண்போர், தனியே வந்து நிற்கும் பெண்ணிலும் வீழ்ந்து கிடக்கும் பெண்ணிலும் தத்தம் துயரைக் கண்டு கலங்குகின்றனர். கதையை நீக்கினால் பொருள் போய்விடுவதில்லை; அதனைத் தேடும் பொறுப்பு காண்பவரிடம் வந்து சேர்கிறது.

உடையும் அரங்கும் செய்த மாற்றம்

அந்த அன்னா பாவ்லோவாவே தமிழக ஆடல் வரலாற்றிலும் இடம்பெறுகிறார். 1920களின் இறுதியில் அவரோடு நட்புக்கொண்ட உருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டின் கலையை நாடுமாறு பாவ்லோவா தந்த ஊக்கம் அவரைப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கொண்டு சேர்த்தது. 1935இல் அடையாற்றில் அவர் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா தோன்றியது.

அவர் செய்த மாற்றங்களுள் இரண்டு ஈண்டுக் குறிக்கத்தக்கன. முதலாவது உடை. இத்தாலியப் பெண்மணியான கசான் அம்மையாரின் துணையுடன் தைத்து அமைத்த உடையில், முன்புறம் விசிறி மடிப்பு இடம்பெற்றது. ஆடுபவர் அரைமண்டியில் அமரும் போது அவ்விசிறி விரிகிறது. எழும் போது சுருங்குகிறது. பாலே மண்ணை விட்டு நுனிக்காலில் எழுவது. நம் ஆடல் முழங்காலை மடித்து மண்ணை நோக்கித் தாழ்வது. அத்தாழ்வின் முக்கோண வடிவத்தைக் கடைசி வரிசையில் இருப்பவரும் காணச் செய்தது அவ்விசிறி மடிப்பு. கதையற்ற ஆடலுக்கு உடையே ஒரு மொழியாயிற்று.

இரண்டாவது அரங்கு. முன்பு நட்டுவனாரும் இசைவாணரும் ஆடுபவரின் பின்னே நின்று, அவருடன் நகர்ந்து வாசித்தனர். உருக்மிணி தேவி அவர்களைப் பக்கவாட்டில் அமர்த்தினார். அரங்கு தூய்மையும் ஒழுங்கும் பெற்றது உண்மை. ஆயின் அடவையும் ஜதியையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் காண்போரின் கண்ணிலிருந்து ஒதுங்கியதும் உண்மை. 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் பல பெண்களைக் கொடுமையினின்றும் விடுவித்தது. அதே காலத்தில் அவர்கள் பேணிய கலை வேறு வீடுகளுக்குச் சென்று பெருமை பெற்றது. கதையில்லா ஆடலுக்கு இப்படி ஒரு கதை உண்டு. ஜதிஸ்வரத்தைச் சுவைக்கும் எவரும் இதனை மறத்தல் தகாது.

கோபுரம் யாருக்கு உரியது?

இசை வேளாளர் மரபில் தோன்றிய பேரரசி பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் ஆடல் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தமும் வர்ணமும் கடந்தால் பதமே கருவறை, தில்லானா கற்பூர ஆரத்தி. இவ்வொப்புமையின் அழகை மறுப்பார் இலர். இதன்படி தூய ஆடல் வாயிலாகவும் நிறைவாகவும் அமைய, உயிர்நிலை அவிநயத்திடமே உள்ளது.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. கருவறையை அணுகும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. கோயிலுள் நுழைய விடப்படாதவரும் கோபுரத்தைத் தொலைவில் நின்று கண்டனர். புராணம் அறியாதவர்க்கும் சமயம் வேறானவர்க்கும் தாளம் திறந்தே கிடக்கிறது. பறையின் அடியும் கதை சொல்வதில்லை; அது கேட்டவுடன் கால் எழுகிறது. கதையற்ற ஆடல் யாருடைய முன்னறிவையும் நுழைவுச்சீட்டாகக் கேட்பதில்லை என்பது அதன் சிறுமையன்று, பெருமையே.

காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பயின்ற சந்திரலேகா இவ்வாயிலைப் பிறிதொரு வழியில் திறந்தார். 1985இல் அவர் அமைத்த 'அங்கிகா'வில் தெய்வக் கதைகள் இல்லை. நாயகனுக்கு ஏங்கும் நாயகி இல்லை. கோயில் நகைகளும் இல்லை. அடவும் யோகமும் களரிப்பயிற்றும் உடலின் மொழியாக நின்றன. அவருடைய இறுதிப் படைப்பாகிய 'சரீரா' 2001இல் துருபத் இசையோடு அமைந்தது. பின்னாளில் அதனைப் பல ஆண்டுகள் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த ஆங்கிலக் கவிஞர் திஷானி தோஷி. ஃபோகினின் ஆடலில் கவிஞன் என்பது ஒரு வேடம். இங்கே கவிஞரே வந்து ஆடினார். சந்திரலேகா 2006இல் மறைந்தார். பெண்ணின் உடல் ஒரு கதையின் ஊர்தியாக மட்டும் இருக்க வேண்டுவதில்லை என்பது அவர் விட்டுச் சென்ற செய்தி.

கவிதைக்கு இதனால் வருவது

தொல்காப்பியம் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒவ்வொன்றுக்கும் தத்தன தனதன எனச் சந்தக் குழிப்பு உண்டு. பொருளற்ற அவ்வொலிக் கட்டின்மீதே பொருளுள்ள பாடல் எழுந்து நிற்கிறது. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள வடதிருமுல்லைவாயிலும் அவர் பாடிய தலம்தான். திருவள்ளூர் கடந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் வரும் திருவாலங்காடு, மணிமன்றம் எனப் போற்றப்படும் ஆடற்களம். அங்கே காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகத்தில் ஓரிடத்தில் சுரங்களின் பழம்பெயர்களையும் இசைக்கருவிகளின் பெயர்களையும் நிரல்படுத்திக் கொண்டே போகிறார். கருவிகளின் பெயர்களே அங்கே கருவிகளாய் முழங்குகின்றன. பொருள் நோக்கின் அது ஒரு பட்டியல். செவி நோக்கின் அது ஓர் ஆடல். தமிழ்க் கவிதையில் சொக்கம் நிகழ்ந்த இடம் அது.

இதனால் கதையற்றன யாவும் கலையாகும் என்பதில்லை. கைதட்டலுக்காக விரைவை மட்டும் ஏற்றும் தில்லானாவும், சொல் விளையாட்டை மட்டும் நம்பும் கவிதையும் உள்ளீடற்றவையே. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. ஓர் அடவை நீக்கினால் கோவை சிதைகிறதா, ஒரு சொல்லை நீக்கினால் வரி தள்ளாடுகிறதா எனக் கேட்டுப் பார்க்கலாம். சிதையுமாயின் அங்கே பொருள் உள்ளது. அதனைக் கருத்தாக எடுத்துரைக்க இயலாமற் போகலாம், அவ்வளவே.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் எத்தனையோ கவிதைகள் படிக்கப் பெற்றுள்ளன. இனி ஒரு புதிய கவிஞர் எழுந்து, விளங்கிக் கொள்ள எளிதல்லாத, ஆனால் ஓசை பிறழாத ஒரு கவிதையைப் படிப்பாராயின், "இதில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" எனக் கேட்கும் முன் அவரை மறுமுறை படிக்கச் சொல்வோம். முதல் முறை செவி கேட்கட்டும். அரங்கேற்ற மண்டபத்தின் முன்வரிசையிலிருந்த அந்த முதியவரையும் சற்று உற்று நோக்குவோம். கதை என்ன என்று அவர் கேட்டுக் கொண்டிருந்த அப்பொழுதே, நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல்கள் தாளம் போட்டுக் கொண்டிருந்தன.

வட்டம் மேன்மேலும் விரிவதாகுக.