தங்கச் சுரங்கத்தில் விண்ணின் செய்தி

(தங்கவயலில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நெடுந்தொலைவிலிருந்து சில மில்லிசெகண்டே நீடிக்கும் வலிய ரேடியோ துடிப்புகள் புவியை வந்தடைகின்றன. 2007இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட இவற்றுள் சிலவேனும், காந்தப்புலம் மிக்க நியூட்ரான் விண்மீன்களில் தோன்றக்கூடும் என்பதற்கு 2020இல் சான்று கிடைத்தது. முழு விடை இன்னும் கிட்டவில்லை. விண்ணிலிருந்து வருவது எது, எங்கிருந்து வருகிறது என்னும் இத்தகைய வினாவை நம் தங்கவயல் பூமிக்கடியிலிருந்து எழுப்பியது.

விண்ணை அறிய ஆழத்தில் இறங்குவானேன்? காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ ஆகிய துகள்கள் பிறக்கின்றன. நியூட்ரினோ பூமியையே ஊடுருவிச் செல்லும். மிக அரிதாகவே ஓர் அணுவில் மோதும். தரைமட்டத்தில் பொழியும் மியூவான் மழையில் அந்த அரிய நிகழ்ச்சியைப் பிரித்தறிய இயலாது. பாறையோ மியூவான்களை வடிகட்டிவிடுகிறது.

ஆகவே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். அங்கு எஞ்சிய மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்தே வரும். பக்கவாட்டில் பதிந்த தடங்களே நியூட்ரினோவுக்குச் சான்றாயின. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் 1965இல் இங்கு கண்டறியப்பட்டன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் இவ்வெற்றி கிட்டியது. 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடும் ஆய்வும் இங்கு நடைபெற்றது.

இந்த ஆய்வுக்கூடம் தனித்து நிற்கவில்லை. தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக உழைத்த தொழிலாளர்கள் குடைந்த பாதை, இயக்கிய லிஃப்ட், காற்றோட்டம், நீரிறைப்பு ஆகியவையே அதற்கு உயிர்நாடி. 1990களின் தொடக்கத்தில் ஆய்வுகள் முடிவுற்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமும் மூடப்பட்டது. பின்னர் நீர் நிறைந்தது.

அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது. அங்கும் நீர் புகுந்தது. எனினும் நீரை இறைத்து, அதனை ஆய்வுக்கூடமாக்கினர்.

தங்கத்தின் விலையையும் வெட்டும் செலவையும் ஒப்பிட்டு ஒரு சுரங்கத்தின் கணக்கை முடித்துவிடலாம். ஆனால் அதன் ஆழமும், அங்கு இறங்கி உழைத்தவர்களின் திறனும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. நாளை ஒரு நிறுவனத்தை மூடும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அந்த விடுபட்ட வரியையும் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.