மங்கின் வாய்

(ஈப்போவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த அறக்கட்டளை யாருடைய நினைவில் நடக்கிறதோ, அந்த ஆசிரியர் தோட்டப் பள்ளியில் எங்களுக்கு ஓவியமும் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்றை மேசைமேல் வைத்து வரையச் சொன்னார். நான் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியை நேர்கோடாக முடித்தேன். பக்கத்துப் பையன் சிரித்தான். "உள்ள பால் இருக்கறது தெரிய வேணாமா சார்?" என்றேன். அவர் திருத்தாமல் விட்டுவிட்டார். பாரிஸில் ஜார்ஜ் பிராக்கும் பாப்லோ பிக்காசோவும் கிண்ணத்தையும் குவளையையும் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள் என்று தெரியவர எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

கியூபிசம் என்றதும் பொருளைக் கட்டம் கட்டமாக உடைப்பது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எங்கே நின்று பார்க்கிறோம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் விஷயம் எளிது. ஐரோப்பிய ஓவியம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஓரிடத்தில் அசையாமல் நின்று பார்த்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு அது ஒத்துவராது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கும் வெட்டு வலப்பக்கம் சரிந்து இறங்கும். உளியோடு சேர்ந்து காலும் மரத்தைச் சுற்றி நகரும். சாலையில் நிற்கும் துரை பார்க்கிற மரம் வேறு, வெட்டுகிறவர் பார்க்கிற மரம் வேறு. சுற்றி வந்து பார்த்த மரத்தை ஒரே துணியில் விரித்துக் காட்ட முடியுமா என்றுதான் பிராக்கும் பிக்காசோவும் முயன்றார்கள்.

பெயர் வந்தது ஏளனத்தில். 1908இல் பிராக் லெஸ்தாக் என்ற கடலோர ஊரில் வரைந்த படங்களைக் கான்வைலர் என்ற ஓவிய வணிகர் தம் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். வோசெல் என்ற விமர்சகர், இவர் எல்லாவற்றையும் கனசதுரமாக்குகிறார் என்று எழுதினார். பிராக்கின் அப்பாவும் தாத்தாவும் வீட்டுக்குச் சாயம் பூசும் தொழில் செய்தவர்கள். பூச்சில் சீப்பை இழுத்து மரரேகை வரவழைக்கும் வித்தையை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். 1912இல் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளையே வெட்டி ஒட்டினார். பிக்காசோவைப் பேசுகிற அளவுக்கு இவரை நாம் பேசுவதில்லை. 1914இல் போர் வந்தது, பிராக் படைக்குப் போனார், பிக்காசோவோடு செய்த கூட்டு வேலை முடிந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1906 வாக்கில், ஆப்பிரிக்காவின் ஃபாங் மக்கள் செதுக்கிய ஒரு வெள்ளை முகமூடி பாரிஸில் டெரைன் என்ற ஓவியரிடம் இருந்தது. பிக்காசோ அதைப் பார்த்தார். 1907இல் ட்ரொக்கடேரோ அருங்காட்சியகத்திலும் ஆப்பிரிக்க முகமூடிகளின் முன் நின்றார். அதே ஆண்டு ஒரு படத்தில் அவர் வரைந்த ஐந்து பெண்களில் சிலருக்கு முகமூடி போன்ற முகம். ஃபாங் மக்களின் காபோன் அன்று பிரெஞ்சுக் காங்கோவில் சேர்ந்திருந்தது. அந்தக் காடுகளை 1899இல் பிரெஞ்சு அரசு தனியார் கம்பெனிகளுக்குக் கூறுபோட்டுக் கொடுத்தது. கம்பெனிகளுக்கு வேண்டியது தந்தமும் ரப்பரும். காட்டுக்கொடிகளில் பால் எடுக்கச் சொல்லி ஊராரை வதைத்தார்கள். 1905இல் அதை விசாரிக்கப் பிரெஞ்சு அரசு அனுப்பிய பிராசா, திரும்பும் வழியில் டாக்காரில் இறந்துபோனார். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளின் வழியில் மலாயாவின் பேராக் முழுக்கப் பால்மரம் பரவி, நம் பாட்டன் பாட்டிமார் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலமும் இதுதான். காபோனின் முகமூடியும் ரப்பரும் ஒரே நிலத்திலிருந்து போயின. கலை வரலாற்று நூல்கள் முகமூடியைப் பற்றி மட்டும் பேசுகின்றன.

இனி, கியூபிசம் நம் பக்கம் வந்த கதை. முதலில் கல்கத்தா. 1922 டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் படங்கள் அங்கே காட்சிக்கு வந்தன. அவற்றோடு ககனேந்திரநாத் தாகூரின் படங்களும் இடம்பெற்றன. இவர் ரவீந்திரநாத்துக்கு அண்ணன் மகன் முறை. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதே ஆண்டில் ககனேந்திரநாத்தை இந்தியக் கியூபிஸ்ட் என்று எழுதினார். எனக்கு அந்தப் பெயர் பாதிதான் பொருத்தமாகப் படுகிறது. பிராக்கும் பிக்காசோவும் நிறத்தைப் பழுப்புக்கும் சாம்பலுக்கும் வற்றவைத்தார்கள். கதையை வெளியே தள்ளினார்கள். ககனேந்திரநாத் உடைந்த தளங்களுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். எங்கே போகிறதென்று தெரியாத படிக்கட்டு, பாதி திறந்த கதவு, யாரோ நிற்கிற நிழல். நாடக மேடை அமைத்த கை அது.

1959இல் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் அவரைத் தேறாமல் போன பிக்காசோ என்று தள்ளிவிட்டார். பிக்காசோவைத் தேறாமல் போன ஃபாங் தச்சர் என்று யாராவது சொன்னார்களா?

இலங்கையின் கண்டியில் 1901இல் பிறந்த ஓவியர் ஜார்ஜ் கீட் இந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. கியூபிசத்தில் தளங்களின் ஓரம் திறந்துகொண்டு ஒன்றுக்குள் ஒன்று கசியும். கீட் அந்த ஓரங்களைத் தடித்த கோட்டால் அடைத்தார்; கோயில் சிற்பத்தின் இடுப்பு வளைவு அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்தது. கீத கோவிந்தத்தை ஆங்கிலமாக்கியவர் அவர்; நாயக நாயகியர் அவருக்கு வீட்டு மனிதர்கள். கொழும்பில் 1943இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய 43 குழுவின் படங்கள் 1953இல் பாரிஸுக்குப் போயின. காட்சி நடந்த பெத்தி பலே மண்டபத்துக்கு, முகமூடிகள் இருந்த ட்ரொக்கடேரோ மேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.