ஆற்றின் நலம் உரைக்கும் சிற்றுயிர்கள்



கோத்தா திங்கி நகரை ஒட்டி ஓடும் ஜொகூர் ஆறு ஏறத்தாழ 122 கிலோமீட்டர் நீளமுடையது. காட்டில் பிறந்து, ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் ஓடைகளையெல்லாம் தன்னுள் ஏற்று, ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. நம் மாநில மக்கள் இந்நீரைப் பருகுகின்றனர். 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சிங்கப்பூரும் இவ்வாற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் பெறும் உரிமை உடையது. 2019 ஏப்ரலில் ஆற்றுநீரில் அம்மோனியா மிகுந்தபோது, நீர்ச் சுத்திகரிப்புப் பணி தடைப்பட்டது. மேற்புறத்தில் ஓர் ஓடை கெட்டால் கீழ்ப்புறத்தில் பல்லாயிரம் குடும்பங்களின் குழாய் வறண்டுபோகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆற்றின் நலத்தை அறிவது எவ்வாறு? நம் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை நீரை எடுத்துச் சோதித்து, ஆறு அளவுகளைக் கொண்டு நீர்த் தரக் குறியீட்டைக் கணிக்கிறது. கரைந்துள்ள உயிர்வளி, கழிவைச் சிதைக்க உயிரியல் முறையிலும் வேதியியல் முறையிலும் தேவைப்படும் உயிர்வளி, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மங்கள், அமிலத் தன்மை என்பன அவை. நூற்றுக்கு 81க்கு மேற்பட்டால் தூய ஆறு என்றும், 60க்குக் குறைந்தால் மாசடைந்த ஆறு என்றும் கொள்வர்.

இம்முறை சிறந்ததே. எனினும் புட்டியில் எடுத்த நீர், எடுத்த நேரத்து நிலையை மட்டுமே கூறும். நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட கழிவு விடியற்காலையில் கடந்து சென்றிருக்கும். ஆனால் கல்லின் அடியில் வாழும் புழுவும் பூச்சியும் எங்கும் செல்வதில்லை. பல வாரங்களாகவும் மாதங்களாகவும் அங்கேயே கிடந்து, வந்த நஞ்சையெல்லாம் தாங்குகின்றன. தாங்க இயலாதவை மறைந்துவிடுகின்றன. எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்த்தால் ஆற்றின் சென்ற காலமே தெரியும்.

உலக நாடுகள் இவ்வுண்மையை எங்ஙனம் பயன்படுத்துகின்றன என்பதை ஒப்பிட்டு நோக்குவோம்.

இத்துறையில் முன்னோடி ஜெர்மனி. கோல்க்விட்ஸ், மார்சோன் என்னும் அறிஞர் இருவர் 1902 முதல் 1909 வரை வெளியிட்ட ஆய்வுகளில், கழிவு கலந்த ஆற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் உரிய உயிர்களை வரிசைப்படுத்தினர். அதன் வழிவந்த குறியீடு 1 முதல் 4 வரை செல்லும். எண் சிறிதானால் ஆறு தூயது.

பிரிட்டனில் 1976இல் அமைந்த பணிக்குழு வேறு வழியைக் கண்டது. உயிர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் அளித்தது. ஓடும் தூய நீரில் கல்லைப் பற்றி வாழும் கல் ஈயின் இளம்புழுக்கள் பல பத்துப் பெற்றன. தட்டானின் இளம்புழு எட்டு. நத்தைகள் சில மூன்று. உயிர்வளி குன்றிய சேற்றிலும் வாழும் செம்புழுவின் குடும்பத்திற்கு இரண்டு. சேற்று மண்புழு வகைக்கு ஒன்றே. இங்கு எண் பெரிதானால்தான் ஆறு தூயது. எத்தனை உயிர்கள் என்று அம்முறையில் அவர்கள் எண்ணவில்லை. அக்குடும்பம் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹில்சென்ஹாஃப் என்பார் 1977இல் வகுத்த முறையோ தலைகளை எண்ணுகிறது. மாசைத் தாங்கும் உயிர்கள் மிகுந்தால் எண்ணும் மிகும். ஆகவே அங்கும் சிறிய எண்ணே நற்செய்தி. தென்னாப்பிரிக்கர் 1 முதல் 15 வரை மதிப்பெண் தருகின்றனர். பள்ளி மாணவரும் பொதுமக்களும் தாமே ஆற்றைச் சோதிக்கும்படி, பதின்மூன்றே உயிர்ப் பிரிவுகள் கொண்ட எளிய முறையையும் ஆக்கியுள்ளனர்.

இவ்வாறு ஒரு நாட்டில் உயர்வைக் குறிக்கும் எண் மற்றொரு நாட்டில் தாழ்வைக் குறிக்கின்றது. ஆகவே வெறும் எண்களை அடுக்கி, இந்நாட்டு ஆறு உயர்ந்தது, அந்நாட்டு ஆறு தாழ்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. இச்சிக்கலைத் தீர்க்கவே ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நெறி வகுத்தது. ஒவ்வொரு நாடும் தன் முறையையே கையாளலாம். ஆனால் மாசுபடாத அதே வகை ஆற்றில் இருக்கவேண்டிய உயிர்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு பங்கு எஞ்சியுள்ளது என்று கூறவேண்டும். இதுவே நாம் கொள்ளத்தக்க கருத்து. அளவுகோல் அயல்நாட்டில் இல்லை. நம் தூய ஓடையில் இருக்கிறது.

குளிர்நாட்டுப் பட்டியலை வெப்பநாட்டில் அப்படியே விரித்தல் ஆகாது. நம் அண்டை நாடாகிய தாய்லாந்தில், சியாங் மாய் வழியே ஓடும் பிங் ஆற்றை ஆராய்ந்தபோது, பிரிட்டிஷ் பட்டியலில் இல்லாத குடும்பங்களைச் சேர்த்து மதிப்பெண்ணைத் திருத்த நேர்ந்தது. அவ்வாய்வு 2002இல் வெளிவந்தது. நமக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். முந்தாஹாக் மலையடியில் அருவியாக விழும் நீரும், தாழ்நிலத்துச் சதுப்பில் தேங்கும் கரிய நீரும் ஒன்றல்ல. சதுப்பு நீரில் இயற்கையாகவே உயிர்வளி குறைவு. அங்கே கல் ஈயைக் காணவில்லை என்பதனால் எவரையும் குற்றஞ்சாட்டலாகாது.

தோட்ட மக்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? ஒரே ஓடையில், பால் கொட்டகைக்கோ லயத்திற்கோ மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும் தேர்ந்து, ஒரே வகையான கற்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஒட்டியிருப்பவற்றை வெள்ளைத் தட்டில் நீரோடு இட்டு நோக்கி, குறித்துக்கொண்டு, மீண்டும் ஓடையிலேயே விடவேண்டும். மேலே பலவகை உயிர்களும் கீழே செம்புழு மட்டுமே என்றால், இடையில் ஏதோ நேர்ந்துள்ளது. அதனை நிருவாகத்திற்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் தெரிவித்தல் நம் கடமை. ரப்பர் ஆலைக் கழிவுக்கு 1978 முதலே சட்டவிதிகள் உண்டு என்பதையும் நினைவிற் கொள்வோம். பெருமழைக்குப் பின் உடனே பார்த்தல் பயனற்றது. வெள்ளம் உயிர்களை அடித்துச் சென்றிருக்கும். காலில் புண்ணுள்ளோர் நீரில் இறங்கலாகாது. எலிச் சிறுநீரால் பரவும் நோய் கொடிது. பூச்சிகள் பல இருப்பினும் நோய்க்கிருமி இல்லை என்று பொருளன்று. ஓடை நீரைக் காய்ச்சாமல் பருகவேண்டா.

மருந்து தெளித்த தோம்பினை ஓடையில் கழுவுவதும், மீந்த அமிலத்தை வாய்க்காலில் ஊற்றுவதும் நம் கையால் நிகழக்கூடிய தீங்குகள். அவற்றை நாம் விடுத்தால்தான் பிறர் கழிவைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உறுதியாகும். மரத்தின் பட்டையைப் பார்த்து அதன் நலத்தை அறியும் கண்கள் நம்முடையவை. அக்கண்களை நம் ஓடையின் கற்கள்மீதும் சற்றே திருப்புவோமாக!