வரியும் வாழ்விடமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், இரயில்வேயில் எழுத்தர். கணக்கு எழுதிப் பழகிய கையாதலின், இன்று ஒரு கணக்கையே உங்கள் முன் வைக்கின்றேன்.

ஓய்வு பெற்றபின் எங்கே குடியிருப்பது? இக்கருநாடகத்திலா, பாட்டனார் புறப்பட்டு வந்த வடாற்காட்டுப் பக்கத்திலா? "அங்கே வரி குறைவு," "இங்கே சலுகை மிகுதி" என்று மாரிக்குப்பம் வண்டியில் நாள்தோறும் வாதம் நிகழ்கிறது. எனக்கும் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளே பணி. ஆகவே எனக்கு இவ்வாதம் வெறும் பொழுதுபோக்கன்று.

முதற்கண் ஓர் ஐயத்தை அகற்றுவோம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தாமும் வருமான வரி விதிக்கின்றன; புளோரிடா, டெக்சாசு போன்ற சில விதிப்பதில்லை. ஆதலின் அங்கே முதியோர் வரியை எண்ணி மாநிலம் பெயர்வதுண்டு. நம் நாட்டில் அவ்வாறன்று. வேளாண்மை வருவாய் நீங்கலாக ஏனைய வருமானத்தின்மீது வரி விதிப்பதை அரசியலமைப்பு நடுவண் அரசுக்கே அளித்துள்ளது. ஓய்வூதியத்தை ஆம்பூரில் வாங்கினாலும் ஆண்டர்சன்பேட்டையில் வாங்கினாலும் வரி ஒன்றே. 2017 சூலை முதல் சரக்கு, சேவை வரியும் நாடெங்கும் ஒரே வீதம். தொழில்வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எனினும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படாது. அதுவும் தொழில் செய்வோர்க்கே, ஓய்வூதியத்தைத் தொடாது.

பின்னர் வேற்றுமை எங்கே? வீடு வாங்குமிடத்தில்! இருபது இலட்ச ரூபாய் வீடொன்றைக் கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. ஆக 1,80,000 ரூபாய். இங்கே இராபர்ட்சன்பேட்டையில் தீர்வையும் அதன் மேல்வரிகளும் 5.6, பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு 31 முதல் 2, ஆக 1,52,000 ரூபாய். வேறுபாடு 28,000. அவ்வீட்டில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தால் மாதத்துக்கு 156 ரூபாய்கூட ஆகாது.

வீட்டை மக்கட்கு எழுதி வைப்பதிலும் வேற்றுமை உண்டு. இங்கே அத்தகைய தானப் பத்திரம் சில ஆயிரங்களில் முடியும். தமிழ்நாட்டில் மேற்சொன்ன வீட்டுக்குத் தீர்வை 20,000, பதிவுக்கு 10,000 ஆகும். ஊர்தி வைத்திருப்போர் மாநிலம் மாறி ஓராண்டு கடந்தால் மறுபதிவும் சாலை வரியும் உண்டென்பதை நினைவிற் கொள்க.

சலுகைகளையும் பார்ப்போம். 2023 சூன் 11 முதல் கருநாடக மகளிர் மாநிலத்துக்குள் அரசின் சாதாரணப் பேருந்துகளிற் கட்டணமின்றிச் செல்லலாயினர். தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்துகளில் அவ்வசதி வந்தது. நல்லவையே, எனினும் சலுகைகள் ஆட்சிக்கு ஆட்சி மாறக் கூடியவை. அவற்றை நம்பி வீட்டுக்குக் கடைக்கால் போடலாகாது.

நிற்க. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், 2018-இல் ஆம்பூரை அடுத்த தம் முன்னோர் ஊரில் பத்து இலட்சத்துக்கு வீடு வாங்கினார். அந்நாளில் அங்கே தீர்வையும் கட்டணமும் நூற்றுக்கு 11. ஆக 1,10,000 செலுத்தினார். இங்கே நம்மைத் 'தமிழ்நாட்டுக்காரர்' என்பர். அங்கே அவரைத் 'தங்கவயல்காரர்' என்றனர்! அவர்தம் மனைவியார் நோயுற்றபோது, பெயர் சொல்லி அழைத்து நலம் உசாவ அண்டையில் ஒருவருமில்லை. 2022-இல் அவ்வீட்டை விற்று இங்கே திரும்பினார். மீண்டும் பத்து இலட்சத்துக்கு வீடு, மீண்டும் 66,000. ஆக, தீர்வைக்கே 1,76,000 ரூபாய் போயிற்று. அன்பர்களே, இரு மாநில வரிகளின் வேறுபாடு அவரை வருத்தவில்லை. இருமுறை செலுத்திய வரியே வருத்தியது.

யானும் அப்பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன். என் துணைவியார் கேட்டார்: "முன்பணம் இருக்கட்டும், அங்கே எனக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என் பேரேட்டில் அதற்கு விடையில்லை. பணத்தை வங்கியிலேயே விட்டு வைத்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது: வீடு வாங்குமுன் அவ்வூரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். மனைவியாரைக் கேளுங்கள். மருத்துவமனை எத்துணைத் தொலைவு என்று அளந்து பாருங்கள். வரிக் கணக்கை அதன்பின் போடுங்கள்.

2001 பிப்ரவரி 28-இல் நம் சுரங்கம் மூடப்பட்டது. விடியுமுன் எழுந்து பெங்களூர் வண்டி ஏறிப் பிழைத்தும், நம்மவர் பலர் இவ்வூரை விட்டு அகன்றிலர். அவர்கள் வரியையா எண்ணினார்கள்? எண்ணிப் பாருங்கள்.