வீட்டு அதிகாரம் யார் கையில்?

விளக்கும் விசிறியும் கதவும் கைப்பேசிக்குக் கட்டுப்படுகின்றன என்று இன்று பெருமை பேசுகிறோம். அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறது? எத்தனையோ வீடுகளில் அதை அமைத்துவைத்த ஒருவரிடந்தான். அவர் வெளியே போய்விட்டால் வீட்டுக் கிழவி இருட்டில் உட்கார வேண்டியதுதானா? மந்திரத்தை ஒருவன் மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காக்கவைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

1992-லேயே லண்டனில் டரெல் பிஷப் என்பவர் வேறு வழி காட்டினார். தொலைபேசியில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோலிக்குண்டு உருண்டு வரும். அதைக் குழியில் வைத்தால் செய்தி பேசும்; தொலைபேசிமேல் வைத்தால் சொன்னவரையே திரும்பக் கூப்பிடும். கோலியாடும் பிள்ளைக்கு இதில் பாடம் எதற்கு?

பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஹிரோஷி இஷி என்னும் ஜப்பானியர், கண்ணாடிப் புட்டியின் மூடியைத் திறந்தால் சங்கீதம் கேட்கும்படி செய்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்! மூடி திறந்ததை மேசையிலுள்ள கம்பிச்சுருள் உணர்ந்து கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவே. சமையலறையில் சோயாச்சாற்றுப் புட்டியைத் திறந்து பழகிய தம் தாயாருக்கு, அந்தப் பழக்கத்தைக்கொண்டே நாளைய வானிலையைத் தெரிவிக்க எண்ணியதில் பிறந்த யோசனை அது.

இன்றோ மின்கலமே வேண்டாத, காசளவு ஒட்டுச்சில்லு கடையில் கிடைக்கிறது. பீங்கான் கோப்பையின் அடியில் அதை ஒட்டி, படிக்கும் கருவியைப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டால், கோப்பையை வைத்ததும் விளக்கு அணையும்படி செய்துகொள்ளலாம். (செம்பில் ஒட்டாதீர்கள், உலோகம் அலையைக் கெடுத்துவிடும்.) கோப்பை உடைந்தால் என்ன செய்வது என்பார்கள். கைப்பேசி உடைவதில்லையா? கோப்பையானால், புதுச்சில்லை வேறொரு கோப்பையில் ஒட்டிக்கொள்ளலாம்.