மாத்திரையை மாற்றலாம், நாமாக நிறுத்தக் கூடாது
(புசா ரோடு அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

பி.பி. மாத்திரையைப் பற்றிப் பேசும் நாம், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் மறைக்கிறோம். தொந்தரவு வந்தால் டாக்டரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறோம்.

என் தமக்கைக்கு எஸிடலோபிராம் ஆரம்பித்த மூன்றாம் வாரம் தலைசுற்றல், தடுமாற்றம். நிறுத்தப்போவதாகச் சொன்னாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வயதானவர்களுக்கு இவ்வகை மாத்திரையால் அப்படி நேர்வதுண்டாம். அவரே அதை நிறுத்தி, சோடியம் சீரானதும் மிர்டாஸபின் கொடுத்தார். அது தூக்கத்தையும் பசியையும் கூட்டும். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

பராக்ஸெடினைத் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஃப்ளுவாக்ஸெடினோ, விட்ட பின்னும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். மாற்றும் கணக்கு டாக்டருடையது; தொந்தரவை ஒளிக்காமல் சொல்வது நம்முடையது. கேட்கத் தயங்குபவர்களுக்கு, 2022-ல் அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது: 14416, இலவசம்.