விசாவைப் பார்த்த பிறகு கடன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகணும், ஏஜெண்டுக்குப் பணம் கட்டணும் என்று ஒரு உறுப்பினர் குழுவில் கடன் கேட்டால் நாம் என்ன பார்க்கிறோம்? தவணை ஒழுங்காகக் கட்டுவாரா என்றுதான். இனிமேல் விசாவையும் பாருங்க.

விசிட் விசா என்பது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு. "அங்க போனதும் வேலை விசாவா மாத்திடலாம்" என்று ஏஜெண்டு சொன்னால் நம்பாதீங்க. அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டாலும், அடித்தாலும், போலீசுக்குப் போகவே பயமாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'இ.சி.ஆர்.' என்று இருக்கும். அவர்கள் குவைத், சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்கணும். 2016-இல் வந்த விதிப்படி, இவர்களை வீட்டு வேலைக்கு அனுப்புவது அரசு நிறுவனங்களின் பொறுப்பு. நமக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. அனுமதியோடு போனால் 10 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் உண்டு.

ஆகவே கடன் மனு வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. என்ன விசா? சம்பளம் எழுதிய ஒப்பந்தம் எங்கே? குடிபெயர்வு அனுமதி வாங்கியாச்சா? ஒன்று குறைந்தாலும் கடனை நிறுத்தி வையுங்க. கேட்டவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை, அவர் பத்திரமா இருக்கணும்.